ரேண்டி பாஸ்: அமெரிக்காவில் விலை போகாதவர், ஒசாகாவில் சாமி

ஒசாகா_குமரன்
ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த இழை இது. நான் இங்கே வேலைக்கு வந்த புதிதில், பக்கத்து மேசைக்காரர் ஓய்வு பெற இரண்டே வருடம் இருந்த மனிதர். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் இழுப்பறையில் ஸ்டேப்ளர் தேடும்போது ஒரு பழைய அட்டை கீழே விழுந்தது. கறுப்புக் கோடு போட்ட சட்டை, முதுகில் 44, தாடி வைத்த தடித்த வெள்ளைக்காரர். யார் சார் இது என்று கேட்டேன். அவ்வளவுதான், அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவர்தான் பேசினார். "காமிசாமா" என்றார். சாமி என்று அர்த்தம்.

அந்தச் சாமிதான் பேஸ்பால் ஆட்டக்காரர் ரேண்டி பாஸ். 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் லாட்டன் என்ற ஊரில் பிறந்தவர். 1972இல், பள்ளி முடித்த கையோடு மினசோட்டா ட்வின்ஸ் அணி ஏழாவது சுற்றில் எடுத்தது. அதற்குப் பிறகு பத்து வருடம் பெரும்பாலும் மைனர் லீக்தான். தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவில் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் ஒவ்வொரு அணிக்கும் கீழே படிக்கட்டு மாதிரி பல அணிகள் உண்டு, மேலே கடைசிப் படி ட்ரிபிள் ஏ. அதில் நிற்பவனுக்கு உள்ளே நடக்கும் விருந்தின் வாசனை வரும், இலை மட்டும் போட மாட்டார்கள். பாஸ் அந்தப் படியிலேயே வருடக்கணக்கில் நின்றார். மேலே கூப்பிட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 1977இல் மினசோட்டாவுக்கு 9 ஆட்டம். 1978இல் கேன்சஸ் சிட்டிக்கு 2. 1979இல் மான்ட்ரியலுக்கு 2. மூன்று வருடம், மூன்று அணி, பதின்மூன்றே ஆட்டம்.

1980இல் டென்வர் பேர்ஸ் என்ற ட்ரிபிள் ஏ அணிக்கு 37 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, வேலி தாண்டுகிற அடி), 143 ரன் உள்ளே கொண்டுவந்தார், சராசரி .333, அந்த லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது. அதைப் பார்த்து சான் டியாகோ எடுத்தது. அங்கேயும் நிலைக்கவில்லை. 1982 முடிவில் கணக்குப் பார்த்தால் மேஜர் லீக்கில் மொத்தம் 130 ஆட்டம், 9 ஹோம் ரன், சராசரி .212. வயது 28. அடுத்த வருடம் ஜப்பானுக்கு விமானம் ஏறினார், ஹன்ஷின் டைகர்ஸ்.

அதே ஆள் 1985இல் .350, 54 ஹோம் ரன், 134 ரன். ட்ரிபிள் கிரவுன். அடுத்த வருடம் மறுபடியும் ட்ரிபிள் கிரவுன், சராசரி .389. ஜப்பான் தொழில்முறை பேஸ்பாலில் ஒரு பருவத்தில் இன்றுவரை அதுதான் உச்சம்.

என் கேள்வி ஒன்றுதான். இவர் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரரா, இல்லை ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரையா? எனக்கு ஒரு பதில் இருக்கிறது. முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

புள்ளிவிவரப்புலி
குமரன், நல்ல இழை, ஆனால் கடைசிக் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். இலுப்பைப்பூதான்.

டென்வர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். காற்று அங்கே லேசு, அடித்த பந்து போய்க்கொண்டே இருக்கும். அந்த 37 ஹோம் ரன்னை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சரி, ஜப்பானுக்கு வருவோம். ஹன்ஷினின் சொந்த மைதானம் கோஷியெனில் அந்தக் காலத்தில் இடது, வலது வெளிமைதானத்தில் நிஜ வேலிக்கு உள்பக்கமாக இன்னொரு வேலி போட்டிருந்தார்கள். "லக்கி ஸோன்" என்றே பெயர். 1947இல் போட்டது, 1991 பருவம் முடிந்துதான் எடுத்தார்கள். மற்ற இடத்தில் கேட்ச் ஆகிற பந்து அங்கே ஹோம் ரன். இன்னொன்று, ஜப்பானில் இரண்டு லீக், 1985லும் 1986லும் எதிர் லீக்கில் லோட்டே அணியின் ஓச்சியாயும் ட்ரிபிள் கிரவுன் வாங்கினார். ஒரே வருடத்தில் இரண்டு லீக்கிலும் ஆளுக்கொன்று, அதுவும் இரண்டு வருடம் தொடர்ந்து என்றால், அது மட்டையாளர்களுக்கு வசமான காலம் என்றுதானே அர்த்தம்?

தேன்மொழி_ரா
எனக்கு பேஸ்பால் தெரியாது, கிரிக்கெட் மட்டும்தான். ட்ரிபிள் கிரவுன் என்றால் என்ன? .389 என்பது பெரிய எண்ணா? நம் ஊர் கணக்கில் 38.9 என்றால் சுமாரான டெஸ்ட் சராசரி!

ஒசாகா_குமரன்
ஹாஹா, கேட்டதே நல்லது. லீக்கிலேயே அதிக சராசரி, அதிக ஹோம் ரன், அதிக ரன் உள்ளே கொண்டுவந்தது, மூன்றிலும் ஒரே ஆள் முதலிடம் என்றால் ட்ரிபிள் கிரவுன். சராசரி என்பது மட்டை பிடித்து நின்ற முறைகளில் எத்தனை முறை அடித்து தளத்துக்குப் போனார் என்பது, வாக் (எதிரணி நான்கு பந்தை வெளியே போட்டால் அடிக்காமலே தளத்துக்குப் போவது) போனதெல்லாம் கணக்கில் வராது. பத்தில் மூன்று முறை அடித்தாலே நல்ல ஆட்டக்காரர். அதாவது பத்தில் ஏழு முறை தோற்றுப்போனாலும் மாலை போடுவார்கள், அப்படிப்பட்ட ஆட்டம் இது. பத்தில் நான்கு என்பதை மேஜர் லீக்கில் கடைசியாகத் தொட்டவர் டெட் வில்லியம்ஸ், 1941இல். ஜப்பானில் ஒருவரும் தொட்டதில்லை. பாஸ் .389.

இச்சிரோ பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் ஜப்பானில் 1994இல் .385, 2000இல் .387. பாஸைத் தாண்டவில்லை. அதே இச்சிரோ 2001இல் சியாட்டில் போய் முதல் வருடமே அமெரிக்கன் லீக்கின் மதிப்புமிக்க வீரர். புலி இதற்கு என்ன சொல்கிறார் பார்ப்போம்.

புள்ளிவிவரப்புலி
இச்சிரோ மேஜர் லீக்கில் நிரூபித்தார், பாஸ் நிரூபிக்கவில்லை. அவ்வளவுதான் சொல்கிறேன்.

ஸ்காபரோ சிவா
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப முப்பது வருசமா டொராண்டோவில். வந்த நாளில் இருந்து ப்ளூ ஜேஸ் பார்க்கிறேன், அதனால் புலியாருக்கு நான் ஒரு பதில் சொல்லவேணும்.

எங்கட அணியில் சிசில் ஃபீல்டர் என்று ஒருவர் இருந்தார். 1985 தொடக்கம் 88 வரை. நல்ல உடம்பு, நல்ல அடி, ஆனால் பெஞ்சில்தான் இருப்பு. முதல் தளத்துக்கு வேற ஆள் இருந்தார்கள், இவரை இடதுகைப் பந்து வீச்சாளர் வந்தால் மட்டும் இறக்கிவிடுவது. அவரும் 1989இல் ஜப்பான் போனார். எந்த அணி? இதே ஹன்ஷின். ஒவ்வொரு நாளும் விளையாட விட்டார்கள், 38 ஹோம் ரன். ஒரு வருசம்தான் இருந்தார். 1990இல் டெட்ராய்ட் திரும்பக் கூப்பிட்டது. அந்த வருசம் மேஜர் லீக்கில் அவர் அடித்தது 51. 1977க்குப் பிறகு ஒருவரும் ஐம்பதைத் தொடாத காலம் அது.

அப்ப 1988இல் பெஞ்சில் இருந்தவரும் 1990இல் 51 அடித்தவரும் வேற வேற ஆளா? ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் மட்டையைக் குடுத்துப் பார்க்காமல் இவரால் ஏலாது என்று எழுதிவைப்பது எந்த ஊர்க் கணக்கு? பாஸுக்கு மேஜர் லீக்கில் கிடைத்தது மொத்தமே 325 முறை, அதுவும் ஆறு வருசத்தில், ஐந்து அணியில் துண்டு துண்டாக. ஒரு முழுநேர ஆட்டக்காரர் ஒரே பருவத்தில் ஐந்நூறைத் தாண்டுவார்.

டிவிஷன்லீக் மணி
சிவா அண்ணா சொன்னது என் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நான் பன்னிரண்டு வருடம் லீக் கிரிக்கெட் ஆடியவன். பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு அணியில் இரண்டு பருவம் பன்னிரண்டாவது ஆளாகவே தண்ணீர் தூக்கினேன். மூன்று ஆட்டம் இடைவெளி விட்டு ஒரு ஆட்டம் இறக்குவார்கள். இறங்கும்போதே தெரியும், இன்றைக்கு அடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம்தான். அந்த நினைப்போடு முதல் பந்தைப் பார்த்தால் அது பந்து மாதிரியே இருக்காது, தீர்ப்பு மாதிரி இருக்கும். கால் நகராது. அவுட் ஆகி வந்தால் "பார்த்தியா, பெரிய ஆட்டத்துக்கு இவன் ஆள் இல்லை" என்பார்கள். 13 ஆட்டம் மூன்று வருடத்தில் என்று படித்தவுடனே எனக்கு அந்த மனுஷன் யார் என்று புரிந்துவிட்டது.

புள்ளிவிவரப்புலி
மணி, உங்கள் வலி புரிகிறது. சிவா, ஃபீல்டர் நல்ல அடி, வாங்கிக்கொண்டேன். ஆனால் லக்கி ஸோன்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

ஒசாகா_குமரன்
சொல்கிறேன். நீங்கள் பாதிதான் சொன்னீர்கள்.

கோஷியென் கடலுக்குப் பக்கம். சாயங்காலம் ஆனால் வலது பக்கமிருந்து இடது பக்கமாகக் கடல்காற்று குறுக்கே அடிக்கும், "ஹமகாஸே" என்பார்கள். பாஸ் இடதுகை மட்டையாளர். இடதுகைக்காரர் இயல்பாக இழுத்து அடித்தால் பந்து வலது வெளிமைதானத்துக்குப் போகும், அதாவது காற்றின் வாய்க்குள். வேலி தாண்ட வேண்டிய பந்து நின்று, யோசித்து, கீழே வந்து ஒரு ஆளின் கையுறையில் உட்காரும். நான் அந்த மைதானத்தில் நேரில் பார்த்திருக்கிறேன், பந்து கிளம்பும்போது கூட்டம் எழுந்து நிற்கும், அப்புறம் எல்லோரும் சேர்ந்து "ஆஆ" என்று உட்காருவார்கள்.

அமெரிக்காவில் இழுத்து அடித்தே பழகிய மனிதர் இங்கே வந்து எதிர்த்திசைக்கு, இடது பக்கம் அடிக்கக் கற்றுக்கொண்டார். இடதுகை மட்டையாளரான ககேஃபு அதே அணியில் இருந்தார், அவர் ஏற்கனவே அந்தக் காற்றோடு சண்டை போடாமல் அதன் முதுகில் ஏறிப் போகிறவர். பாஸ் அதைக் கவனித்து தன் அடியை மாற்றினார். வந்த முதல் வருடம் .288, 35 ஹோம் ரன். அடுத்து .326, 27. ஹோம் ரன் குறைந்து சராசரி ஏறியிருப்பதைப் பாருங்கள். மூன்றாவது வருடம் இரண்டும் சேர்ந்து வெடித்தது. லக்கி ஸோன் உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதே மைதானத்தில் அத்தனை வருடம் அத்தனை பேர் ஆடினார்களே, இரண்டு வருடம் தொடர்ந்து ட்ரிபிள் கிரவுன் ஹன்ஷினில் வேறு யாருக்கும் வரவில்லை.

இன்னொரு விஷயம். எதுவும் தெரியாத ஊரில் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரவில்லை. கவாட்டோ என்ற சக ஆட்டக்காரரோடு உட்கார்ந்து ஷோகி, அதாவது ஜப்பான் சதுரங்கம், கற்றுக்கொண்டு ஆடினார். அதைப் பற்றி என் மேசைக்காரர் அந்த 54 ஹோம் ரன்னை விட அதிக நேரம் பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெயர்க் கதை. தமிழர்களுக்கு இது பிடிக்கும். ஜப்பானிய எழுத்தில் இவர் பெயரை எழுதினால் "பஸு" என்று வரும், அது பேருந்தைக் குறிக்கும் அதே சொல். அணியின் முதலாளியோ ஹன்ஷின் ரயில் கம்பெனி, அவர்களுக்குப் பேருந்துத் தொழிலும் உண்டு. நாளைக்கு இவர் சரியாக ஆடவில்லை என்றால் பத்திரிகைக்காரன் "ஹன்ஷின் பஸ் பழுது" என்று தலைப்பு போடுவான் இல்லையா? அதனால் ஒரு நெட்டெழுத்துப் போட்டு "பாஸு" என்று பதிவு செய்தார்களாம். எனக்கென்னவோ ஆரம்பத்தில் அது பசு மாடு மாதிரியே கேட்டது.

தேன்மொழி_ரா
பசு மாடு 😂 கேஎஃப்சி தாத்தா சிலையை ஆற்றில் போட்ட கதை இவருடையதுதானே? எங்கோ படித்த ஞாபகம்.

ஒசாகா_குமரன்
இவருடையதேதான். 1985 அக்டோபர் 16, ஹன்ஷின் 21 வருடம் கழித்து சென்ட்ரல் லீக் பட்டம் வென்ற இரவு. டோட்டோன்போரி கால்வாய் மேல் எபிசு பாலம் என்று ஒன்று, நான் வாரம் ஒருமுறையாவது கடக்கிற இடம். கூட்டம் அங்கே கூடி ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயராகக் கூப்பிட, அந்த ஆட்டக்காரர் சாயலில் இருக்கிற ரசிகர் தண்ணீரில் குதித்தார். பாஸ் பெயர் வந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரருக்கு அங்கே எங்கே போவது? பக்கத்துக் கடை வாசலில் கர்னல் சாண்டர்ஸ் சிலை நின்றது. தாடி இருக்கிறது, அமெரிக்கர், போதாதா? தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அந்த வருடம் ஜப்பான் சீரிஸில், அதாவது இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடரில், செய்பு லயன்ஸை 4-2 என்று வென்றார்கள், முதல் மூன்று ஆட்டத்திலும் பாஸ் ஹோம் ரன், தொடரின் சிறந்த வீரரும் அவரே. அதற்குப் பிறகு அணி படுத்துவிட்டது. வருடா வருடம் கடைசி இடம் என்கிற அளவுக்கு. கர்னல் சாபம் என்று பேச்சு கிளம்பியது. 2003, 2005, 2014, மூன்று முறை இறுதி வரை போய்த் தோற்றார்கள். சிலை 2009 மார்ச்சில் கால்வாய் வேலையின்போது கிடைத்தது, மூக்குக்கண்ணாடியும் இடது கையும் இல்லாமல். அப்படியும் சாபம் தீர 2023 ஆனது.

புள்ளிவிவரப்புலி
சாபத்தையெல்லாம் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. 1985இல் அவர் 54இல் நின்றது பற்றி எழுதுங்கள். ஒரு ஹோம் ரன் அடித்திருந்தால் சாதனை சமன். அங்கேதான் எனக்கே இவர் மேல் கொஞ்சம் பரிதாபம்.

ஒசாகா_குமரன்
அதற்குத்தான் வருகிறேன். அப்போது ஒரு பருவத்தில் அதிக ஹோம் ரன் சதஹாரு ஓ 1964இல் அடித்த 55. வாழ்நாளில் 868 அடித்த மனிதர், ஜப்பானுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1985இல் ஹன்ஷினின் கடைசி ஆட்டம் யோமியூரி ஜயன்ட்ஸோடு. ஜயன்ட்ஸின் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், யார்? அதே ஓ.

ஆட்டத்துக்கு எந்த முக்கியத்துவமும் இல்லை, பட்டம் முடிவாகிவிட்டது. பாஸ் வந்து நிற்கிறார். நான்கு பந்து வெளியே, வாக். மறுபடி வருகிறார், மறுபடி நான்கு பந்து வெளியே. இப்படி நான்கு முறை. இடையில் ஒரு முறை எட்டாத பந்தை உடம்பை நீட்டித் தட்டி ஒரு சிங்கிள் எடுத்தார், வேறு எதுவும் தொட முடியவில்லை. பாஸுக்கு ஸ்ட்ரைக் (அடிக்கத் தோதான எல்லைக்குள் வரும் பந்து) போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டாலர் அபராதம் என்று பயிற்சியாளர் ஒருவர் மிரட்டியதாக ஜயன்ட்ஸில் இருந்த அமெரிக்க பிட்சர் (பந்து வீச்சாளர்) கீத் காம்ஸ்டாக் பிற்பாடு சொன்னார். தான் அப்படி உத்தரவு போடவில்லை என்றார் ஓ.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். வெளிநாட்டுக்காரன் கைக்குப் போகக் கூடாது என்று காவல் காத்த அந்தச் சாதனையை வைத்திருந்த ஓவிடம் ஜப்பான் குடியுரிமை கிடையாது. அப்பா சீனர், மகன் இன்றுவரை தைவான் கடவுச்சீட்டுத்தான்.

டிவிஷன்லீக் மணி
இது அநியாயம் என்றால் அநியாயம். ஆள் அவுட் ஆனால் பரவாயில்லை, ஆட விடாமல் செய்வது!

ஸ்காபரோ சிவா
ஓம், ஆனால் நாங்களும் ஒன்றும் சுத்தமில்லை தம்பி. 2010 ஆகஸ்ட், தம்புள்ளை. சேவாக் 99, இந்தியா வெல்ல ஒரு ரன் வேணும். எங்கட சூரஜ் ரண்டீவ் வேணுமென்றே காலை வெளியே வைத்து நோ பால் போட்டார். சேவாக் சிக்ஸ் அடித்தார், ஆனால் நோ பாலோடயே ஆட்டம் முடிந்துபோச்சு, சதம் இல்லை. பிறகு வாரியம் ரண்டீவுக்கு ஒரு ஆட்டத் தடை, தில்ஷானுக்கு அபராதம் போட்டது. நான் இலங்கை ரசிகன், அன்றைக்கு வேலையில் பக்கத்தில் நின்ற பஞ்சாபிக்காரரின் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

ஆனால் வித்தியாசம் ஒன்று இருக்கு. அங்க தண்டனை குடுத்தார்கள். ஜப்பானில் 1985இல் நடந்தது அதோடு நின்றதா? இல்லை. 2001இல் கின்டெட்சு அணியின் டஃபி ரோட்ஸ் 55ஐத் தொட்டார். பிறகு ஓ மேனேஜராக இருந்த டையே ஹாக்ஸ் அணி அவருக்கு அடிக்கப் பந்தே குடுக்கவில்லை. 2002இல் செய்புவின் அலெக்ஸ் கப்ரேரா, அவரும் 55. இதற்கெல்லாம் முன்னோடி 1965இல், ஹன்க்யூ அணியின் டாரில் ஸ்பென்சர். ஜப்பான்காரர் நொமுராவோடு ஹோம் ரன் போட்டியில் இருந்தார், வருகிற பிட்சர் எல்லாம் வாக், வாக். மனுசன் வெறுத்துப்போய் மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பவும் வாக் குடுத்தார்கள்!

புள்ளிவிவரப்புலி
2013இல் யாகுல்ட்டின் பாலன்டியன் 60 அடித்தபோது யாரும் அப்படித் தடுக்கவில்லை. சாதனையை முறியடித்த பந்து ஹன்ஷினுக்கு எதிராகத்தான் என்பது ஒரு வேடிக்கை. ஆக, காலம் மாறியிருக்கிறது.

ஒசாகா_குமரன்
மாறியிருக்கிறது. ஜயன்ட்ஸிலும் எல்லோரும் அப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 1986 ஜூனில் பாஸ் ஆறு ஆட்டம் தொடர்ந்து ஹோம் ரன் அடித்திருந்தார். ஏழாவதும் அடித்தால் ஓவின் தொடர் சாதனை சமன். எதிரே ஜயன்ட்ஸ், பந்து வீசியது எகாவா. வெளியே போட்டுத் தப்பித்திருக்கலாம். எகாவா நேராக வேகப்பந்து போட்டார். பாஸ் அதை கொராகுவென் மைதானத்துக்கே வெளியே அனுப்பினார். என் மேசைக்காரர் அந்தக் கதையைச் சொன்னபோது பாஸைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இல்லை, எகாவாவுக்குத்தான் கும்பிடு போட்டார், அதுவும் ஜென்மப் பகையாளி அணிக்காரருக்கு.

தேன்மொழி_ரா
இப்போதுதான் முழுவதும் படித்தேன். இவ்வளவு செய்தவர் 1988க்குப் பிறகு ஏன் ஆடவில்லை? 34 வயதுதானே.

ஒசாகா_குமரன்
இதை எழுதத்தான் தயங்கினேன்.

ஜப்பானில் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு "சுகெட்டோ" என்று ஒரு பெயர். உதவிக்கு வந்தவர். அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளேயே நீ வந்தவன், போகிறவன் என்பதும் இருக்கிறது. 1988இல் பாஸின் எட்டு வயது மகனுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தது. மே மாதம் அனுமதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்காக மகனோடு அமெரிக்கா போனார். சொன்ன தேதிக்குத் திரும்பவில்லை என்று சொல்லி அணி ஜூனில் அவரை விடுவித்துவிட்டது. தனக்கு அனுமதி இருந்தது என்பது பாஸ் தரப்பு. குடும்பத்தின் மருத்துவச் செலவை அணி ஏற்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் அதுவும் வழக்குப் பேச்சு வரை போனது. நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்த அணியின் நிர்வாக இயக்குநர் அந்த ஜூலையில் தற்கொலை செய்துகொண்டார். மகன் பிழைத்துக்கொண்டான். பாஸ் அதற்குப் பிறகு எங்கேயும் தொழில்முறையாக ஆடவில்லை. ஜப்பானில் மொத்தம் 614 ஆட்டம், 202 ஹோம் ரன், .337.

தேன்மொழி_ரா
படித்துவிட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். என் மகள் டெங்குவில் கிடந்தபோது நான் வேலை பார்த்த இடத்தில் நான்காம் நாள் மேலாளர் போன் செய்து "வேறு யாரும் பார்த்துக்க ஆள் இல்லையாம்மா" என்று கேட்டார். பிளேட்லெட் எண்ணிக்கை எழுதின சீட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டே "சார், திங்கட்கிழமை வந்துடறேன்" என்று சொன்னேன். இன்றுவரை ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இவர் சொல்லவில்லை. .389ஐ விட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

புள்ளிவிவரப்புலி
இதற்கு மேல் நான் வாதாட வரவில்லை. ஒன்று மட்டும்: மேஜர் லீக்கில் அவர் என்ன ஆகியிருப்பார் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இலுப்பைப்பூ என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டென்வர் காற்று லேசு என்பதை வாபஸ் வாங்க மாட்டேன்.

டிவிஷன்லீக் மணி
புலி வாபஸ் வாங்கியதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

அது சரி, நம் ஊர்ப் பிள்ளைகள் ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு இல்லை), தினேஷ் படேல் இரண்டு பேரும் இதற்கு எதிர்த்திசையில் போனவர்கள்தானே? உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் பந்து வீசிக் காட்டி பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் மைனர் லீக்கில் சேர்ந்தார்கள். மேஜர் வரை போகவில்லை. ரிங்கு கடைசியில் மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அவர்களுக்குத் தனி இழை போடலாம்.

ஸ்காபரோ சிவா
போடுங்கோ. டைரோன் வுட்ஸுக்கும் ஒன்று. மைனர் லீக்கில் பத்து வருசம் கிடந்து, மேஜரில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், 1998இல் கொரியா போய் 42 ஹோம் ரன், பிறகு ஜப்பான். அந்தாளின் கதை இன்னும் பெரிசு.

குமரன், பாஸ் இப்ப எப்படி?

ஒசாகா_குமரன்
சொந்த ஊர் லாட்டனுக்குத் திரும்பி விவசாயம், அப்புறம் அரசியல். 2004இல் ஓக்லஹோமா மாநில செனட்டுக்குத் தேர்வாகி 2019 வரை இருந்தார். ஜப்பான் பேஸ்பால் புகழரங்கில் 2023இல்தான் சேர்த்தார்கள். அத்தனை வருடம் ஏன் என்று கேட்டால் ஒசாகாவில் நல்ல சண்டை கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். அதே 2023 நவம்பரில் ஹன்ஷின் மறுபடி ஜப்பான் சீரிஸ் வென்றது. மேனேஜர் ஒகாடா. 1985 ஏப்ரல் 17 அன்று ஜயன்ட்ஸுக்கு எதிராக பாஸ், ககேஃபு, ஒகாடா என்று மூன்று பேர் வரிசையாக ஹோம் ரன் அடித்தார்களே, அந்த மூன்றாமவர். அந்தக் கர்னல் சிலையை 2024 மார்ச்சில் கேஎஃப்சி கம்பெனிக்காரர்கள் பூஜை செய்து, சாக்கே என்ற அரிசி மது ஊற்றி, முறையாக வழியனுப்பிவிட்டார்கள்.

ஸ்காபரோ சிவா
நல்லது. வாற மே மாதம் மகளோடு ஜப்பான் வாறேன், கோஷியெனில் ஒரு ஆட்டம் பார்க்கவேணும். எந்தப் பக்கம் டிக்கெட் எடுக்கிறது?

ஒசாகா_குமரன்
வலது வெளிமைதானம் எடுங்கள் அண்ணா, ஹன்ஷின் ரசிகர் கூட்டமே அங்கேதான். எதிரணிச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். சாயங்கால ஆட்டமாகப் பாருங்கள், மகளுக்கு ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கடல்காற்று முதுகுப் பக்கமிருந்து வரும். 44 போட்ட பழைய சட்டையோடு ஒரு கிழவர் அகப்பட்டால் பேச்சுக் கொடுக்காதீர்கள், ஆட்டம் பார்க்க விட மாட்டார்.